அமைச்சர் பதவி போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் வேலை போய்விட்டது.

பதறாதீர்கள்… பென்ஷன் ஒழுங்காக வருகிறது. போனது அமைச்சர் வேலை. மெயிலில் வந்த பதவி, மெயிலிலேயே போய்விட்டது.

நாலு பேர் சேர்ந்து மின்னஞ்சலில் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கொரு வேடம் ஏற்று, எழுதி எழுதியே ஒரு கதையை நகர்த்த வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் அப்புத்தளை ஸ்டெல்லா டீச்சர். கதையை நடத்துபவரும் அவரே. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கு ஒரு மெயில் போடுவார். 'பள்ளத்தாக்கில் ஓர் ஊர். மலை உச்சியில் ஓர் அரக்கன். ஊருக்குப் போகும் பாலத்தை உடைத்துவிட்டான். என்ன செய்கிறீர்கள்?'

வெள்ளி மாலைக்குள் நாங்கள் பதில் போட வேண்டும். நம்முடைய ஆள் என்ன பேசுகிறார், என்ன செய்யப் பார்க்கிறார் – அதை மட்டும் எழுதலாம். பலித்ததா இல்லையா என்பது டீச்சர் கையில். எல்லோருடைய பதிலையும் கோர்த்து அடுத்த ஞாயிறு அடுத்த கட்டத்தை அனுப்புவார். வெள்ளியைத் தவறவிட்டால் நம்முடைய ஆள் அந்த வாரம் முழுக்கச் சிலையாக நிற்பார். அவ்வளவுதான் விதி. தாயக்கட்டைகூட வேண்டாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? ஆடிப் பாருங்கள் தெரியும்!

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் நஸீர் நானாதான் தளபதி. முதல் வாரமே எழுதினார்: 'அரக்கனை வெட்டினேன். செத்தான். எல்லாரும் சாப்பிட வாங்க.'

டீச்சர் போனிலேயே பிடித்துக்கொண்டார். "நானா, வெட்டப் போறேன்னு மட்டுந்தான் நீங்க எழுதலாம். செத்தானா இல்லையான்னு நான்தான் சொல்லுவேன்."

"அப்ப நான் எதுக்கு டீச்சர் வாளைத் தூக்கிட்டு மலை ஏறணும்?" என்றாராம் நானா.

நியாயமான கேள்வி. மறுவாரத்திலிருந்து அவர் வாளைக் கீழே போட்டுவிட்டு அரக்கனோடு பேரம் பேச ஆரம்பித்தார். பாலத்தைக் கட்டிக் கொடுத்தால் வருடத்துக்கு உடுத்த இரண்டு சாரம், பெருநாளைக்கு ஒன்று கூடுதல். அரக்கன் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறான்.

நான் அமைச்சர். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டி, பிரதம இலிகிதராக, அதாவது தலைமைக் கிளார்க்காக, ஓய்வு பெற்றவன். இந்த வேடம் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஊர் மக்கள் அரண்மனை வாசலில் வந்து பாலம் கேட்டார்கள். எழுதினேன்: 'தங்கள் கோரிக்கை கிடைக்கப் பெற்றது. உரிய நேரத்தில் ஆராயப்படும்.' அடுத்த வாரம் அரக்கன் பத்து ஆடுகளைத் தின்றான். ஆராயப்படும் என்றேன். அதற்கடுத்த வாரம் ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டான். குழு அமைத்தேன்!

நானாவும் டீச்சரும் வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் எங்கள் ராணி.

ராணியின் நிஜப் பெயர் செல்வராணி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். டீச்சரிடம் ஆங்கிலம் படித்தவள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துகிறாள். உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக் கடிதத்தை மாதக்கணக்காக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வரை ஏறினால்தான் இரண்டு கோடு காட்டும். காலில் அட்டை ஏற ஏற அங்கே நின்றுதான் ராணியின் கட்டளைகளைத் தட்டி அனுப்புவாள். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை.

ஐந்தாம் வாரம் தவறியது. ராணி சிலையானாள். ஆறாம் வாரமும் சிலை.

எனக்கு வந்ததே கோபம்! 'ஒப்புக்கொண்டால் ஒழுங்காக ஆட வேண்டாமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை. ராணியை மாற்றுங்கள்' என்று எல்லோருக்கும் போகிற மாதிரி ஒரு மெயில் போட்டேன். எல்லோருக்கும் என்றால்… அவளுக்கும்தான்.

மறுநாள் டீச்சர் போன் எடுத்தார். "சார், அந்தப் புள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

கடிதம் வந்திருக்கிறது. நேரத்துக்கே வந்திருக்கிறது. ஆனால் லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்கு ஏது இலக்கம்? ஏது தெரு? எம். செல்வராணி, கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர். முகவரி அவ்வளவுதான். தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசில் இறங்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். செல்வராணி என்று கூப்பிட்டதும் கை நீட்டியது கொழுந்தெடுக்கிற இன்னொரு செல்வராணி. அவளும் எம்.தான், அவளும் கீழ்ப்பிரிவுதான்.

நீளக் கவர், அரசாங்க முத்திரை. அந்த அம்மா தன் வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் வரும் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவள். வந்தேவிட்டது என்று நினைத்துவிட்டாள். கண்டவர் கையில் கொடுத்துப் பிரிக்கலாமா? பொலித்தீன் பையில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள் – கொழும்பில் வேலை செய்கிற மகள் வந்து பிரிக்கட்டும் என்று. தினமும் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டியிருக்கிறாள்.

மகள் லீவில் வந்து பிரித்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து நாலு நாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி படல கண்ணு… பத்தரமா வச்சிருந்தேன்" என்று கடிதத்தை நீட்டிவிட்டு, அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். யாரைத் திட்டுவது? "விடுங்கக்கா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்று செல்வராணிதான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாளே செல்வராணி அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்கு பஸ் பிடித்துப் போய், நடந்ததைச் சொல்லி, இன்னொரு நாள் தரும்படி மனுக் கொடுத்தாள். பதில் மெயிலில் வந்ததாம்.

"வாசிக்கிறேன், கேளுங்க சார்" என்றார் டீச்சர். "தங்கள் கோரிக்கை கிடைக்கப் பெற்றது. உரிய நேரத்தில் ஆராயப்படும்."

எழுத்துக்கு எழுத்து என் வசனம்! முப்பது வருடத்தில் இதை எத்தனை பேருக்கு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பேன்? அத்தனை பேரும் சிரித்துக்கொண்டா வாசித்திருப்பார்கள்? வெட்கமாக இருந்தது. காது சுடுகிற வெட்கம்.

அந்த ஆபீசில் இப்போது பொறுப்பில் இருப்பவர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை பழகியவர். உடனே போன் போட்டேன். மனிதர் அத்தனை மரியாதையாகப் பேசினார். "சேர், பைலப் பாக்குறேன் சேர்… கட்டாயம் ஆராய்றோம் சேர்."

நன்றாகத்தான் பழக்கிவிட்டிருக்கிறேன்.

செல்வராணிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதினேன். இரண்டு வரி எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் வெள்ளி மாலைக்குள் ராணி அசைந்துவிட்டாள். ஞாயிறு டீச்சர் அனுப்பிய கட்டத்தில் அவளுடைய கட்டளை இருந்தது.

'பள்ளத்தாக்கில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் போடுங்கள். அரக்கனை அப்புறம் பார்க்கலாம். அமைச்சரை இன்றோடு நீக்குகிறேன். அவர் மனுக் கொடுக்கலாம். உரிய நேரத்தில் ஆராயப்படும்.'

இதை எழுதி முடித்த கையோடு பஸ் ஏறுகிறேன். அந்த ஆபீசில், அந்த மேசைக்கு முன்னால், அவளுக்கு ஒரு தேதி எழுதித் தரும் வரை உட்கார்ந்திருப்பதாக உத்தேசம்.

பதவி போனவனுக்கு வேறென்ன வேலை?