மஞ்சள் தடவிய பிறகு படித்த பத்திரிகை

மகளின் கல்யாணப் பத்திரிகைகள் தாராவி அச்சகத்திலிருந்து காலையில் வந்தன. முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி சுவாமி முன் வைத்த மனைவி, உரக்கப் படிக்க ஆரம்பித்து நின்றுவிட்டாள்.

“ஏன்னா, ஒரு வார்த்தைகூட வாயில நுழையலையே?”

ஆங்கிலப் பக்கம் ஒழுங்காக இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் கொம்பும் காலும் புள்ளியும் திசைக்கொன்றாகக் கிடந்தன. நான் இரண்டு முறை பிழை திருத்திக் கொடுத்த பக்கம். சம்பந்தி தம் பங்குப் பத்திரிகைகளோடு மாலை ரயிலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறார்.

பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து அச்சகத்துக்குப் போனேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். வடிவமைப்பு அவர் மகளின் வேலை.

“ஏளா, இதப் பாக்காமலா அச்சுக்கு விட்ட?”

“அரே பப்பா, எனக்கு எந்தத் தமிழும் இப்படித்தான் தெரியும்!”

தமிழ் படிக்கத் தெரியாத அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சரிபார்த்த பிறகு, லைசென்ஸைப் புதுப்பித்தால்தான் திறப்பேன் என்றிருக்கிறது மென்பொருள். பணம் கட்டியதும் தானே புதிய பதிப்புக்கு மாறி, பழைய தமிழ் எழுத்துருவைத் தூக்கி எறிந்துவிட்டது. திரையில் ஓர் அறிவிப்பு. அதன் கீழே ‘சரி’ என்று ஒரே பொத்தான். ‘சரியில்லை’ என்று சொல்ல வழியே கிடையாது. வாங்கிய மிக்சியின் ஜாரை எவனும் வீடு புகுந்து மாற்றிவிட்டுப் போவதில்லை. இவர்கள் மாற்றுகிறார்கள், அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

“பழைய வெர்ஷன் அந்த மூலைக் கம்ப்யூட்டர்ல கெடக்கு சார். நெட்டும் கெடையாது, லைசென்ஸும் கெடையாது. அன்னைக்கு நீங்கதான் திருட்டுச் சரக்குல போடக் கூடாதுன்னீய.”

அலுவலகத்தில் மென்பொருள் லைசென்ஸ்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் சொல்லியிருந்தேன்.

“அதுலயே போடுங்கோ” என்றேன்.

“போலீஸக் கூட்டியாந்துர மாட்டீயளே?”

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. முதலாளியின் மகள் மூலைக் கம்ப்யூட்டரில் பத்திரிகையைத் திறக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. இதற்கிடையே புதிய பதிப்பு தன் திரையில் ஒரு சிரித்த முகத்தைக் காட்டி, எங்கள் அனுபவம் எப்படி என்று கேட்டது.

“என்ன போடட்டும், அங்கிள்?” என்றாள் முதலாளியின் மகள்.

“அதோட வயரைப் பிடுங்கும்மா.”

மூன்று மணிக்குப் புதுக் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். சம்பந்தி கூடத்தில் காத்திருந்தார். மனைவி மஞ்சள் கிண்ணத்தை எட்டத் தள்ளி வைத்தாள். “இந்தத் தடவை முதல்ல படிச்சுடறேன்” என்று சொல்லி, கடைசி வரிவரை படித்தாள். பிறகுதான் விரலை மஞ்சளில் தோய்த்தாள்.