சித்தி எடுத்துப்போன தட்டுகள்

என் சித்திக்கு ஏறக்குறைய முடிவாகியிருந்த ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். எங்கள் வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டில் தங்கி, செல்போன் செய்கிற ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக லைனில் நின்று பாகங்களைப் பூட்டுகிற வேலை பார்த்தாள். காலை ஷிப்ட் என்றால் நாலரை மணிக்கே குளித்துவிட்டு ஈரத் தலையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். எனக்குத் தலை பின்னிவிடுவதும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்குப் பத்து. அதற்குள் இரண்டு வரன்கள் வந்து நழுவியிருந்தன. இரண்டு இடத்திலும் ஒரே காரணம்தான், ஷிப்டுக்குப் போகிற பெண் வேண்டாம் என்றார்கள்.

அதனால் மூன்றாவதாக மறைமலை நகர் மாப்பிள்ளை வந்தபோது அம்மா முந்திக்கொண்டாள். பெண் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று தரகரிடம் அடித்துவிட்டாள். சித்திக்கு அது பிடிக்கவில்லை. நேரில் பார்க்கிற அன்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். முதலில் தாலி ஏறட்டும், அப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றாள் அம்மா. அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குப் போட்டோவிலேயே பிடித்துப்போயிற்று. நம்பர் வாங்கி தினமும் சாயங்காலம் பேச ஆரம்பித்துவிட்டார். சித்தி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் நானும் போய் ஒட்டுக்கேட்டேன். சாப்பிட்டாச்சா, அங்கே மழையா, பஸ் சரியாக வந்ததா, இவ்வளவுதான் பேச்சு. இதற்கா இவ்வளவு நேரம் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் படி இறங்கி வரும்போது சித்தியின் முகம் பார்க்க நன்றாக இருக்கும். அது ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவதெல்லாம் வேண்டாம், எங்காவது வெளியில் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னதும் மாப்பிள்ளைதான். ஒரகடம் போகிற சாலையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைப் புதிதாக ஓட்டலாக்கியிருந்தார்கள். கம்பெனிகளுக்கு வந்துபோகிற வெளிநாட்டுக்காரர்களை நம்பித் திறந்தது. போர்டில் பிஸ்ட்ரோ என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. மொத்தமே ஆறு மேஜை. மஞ்சள் விளக்கு, ஜன்னலில் பூந்தொட்டி, பட்டப்பகலில் மேஜைக்கு ஒரு மெழுகுவத்தி. கரண்ட் போயிடுச்சா என்று அப்பா அக்கறையாக விசாரித்தார்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு ஆறு பேரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மெனு கார்டைப் பார்த்து எல்லோருக்கும் அவரே ஆர்டர் கொடுத்தார். வெள்ளையாகக் குழைந்த பாஸ்தாவும் வேகவைத்த கோழியும் வந்தன. அதை ஃபோர்க்கால் குத்தத் தெரியாமல் அவரும் சித்தியும் ஒரே நேரத்தில் நழுவவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோழியை எலும்பு நீக்கிக் கொடுத்தாள். பொண்ணு எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள் என்று அவள் கேட்டதற்கு, சித்தி வாயைத் திறக்கும் முன்பே அம்மா ஒன்பது மணி என்று சொல்லிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து மேஜைக்கு என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மா அப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா ஏதோ கம்பெனியில் மேனேஜர். பள்ளிக்கு அவள் காரில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இந்த மாதிரி ஓட்டலில்தான் சாப்பிடுவோம் என்று நான் அவளிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கையால் எடுத்துக்கொண்டிருந்த கோழியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

சித்தி எப்போதும் வேகமாகச் சாப்பிடுவாள். கம்பெனியில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவுகிற வரிசை, சாதம் வாங்குகிற வரிசை, போக வர நடை எல்லாம் அதற்குள்தான். சாப்பிட்டதும் மிச்சத்தைத் தொட்டியில் தட்டிவிட்டு, தட்டைக் கொண்டுபோய்க் கழுவுகிற இடத்து ஜன்னலில் வைக்க வேண்டும். வைக்காமல் போனால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். ஆறு வருடப் பழக்கம். அன்று பதற்றத்தில் இருந்தாளோ சந்தோஷத்தில் இருந்தாளோ, கை அதன் போக்கில் போய்விட்டது. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, என் தட்டில் இருந்ததையும் அம்மா தட்டில் இருந்ததையும் தன் தட்டில் வழித்துப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அதே வேகத்தில் மாப்பிள்ளையின் தட்டையும் எடுத்துவிட்டாள். அதில் பாதிக் கோழி இருந்தது. அவர் கையில் ஃபோர்க்கோடு வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி சமையலறை வாசல்வரை போய்விட்டாள். பரிமாறுகிறவர் பதறிக்கொண்டு பின்னால் ஓடினார். சித்தி அவரிடம், "தொட்டி எங்கங்க கீது?" என்று கேட்டது ஆறு மேஜைக்கும் கேட்டது.

எங்கள் மேஜையில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார், அது நல்ல சிரிப்பு. அவருடைய அம்மாகூட, சுறுசுறுப்பான பொண்ணு என்று அம்மாவிடம் சொன்னாள். இன்னும் இரண்டு நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் பக்கத்து மேஜையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தன் அம்மாவிடம் ஏதோ கிசுகிசுத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உடனே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"எங்க சித்தி ஆபீஸ்லலாம் இல்ல. லைன்ல நிக்கிறாங்க, ஷிப்டுக்குப் போறாங்க. அங்க தட்ட அவங்களேதான் எடுத்துனு போய் வெக்கணும். அவங்களுக்கு இந்த மாதிரி ஓட்டல்லாம் தெரியாது" என்று உரக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா எனக்காகக் கையில் எடுத்திருந்த கோழித் துண்டைக் கீழே வைத்தாள். லைனிலா என்று அம்மாவைக் கேட்டாள். அப்பா மெனு கார்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் சித்தி கையைத் துடைத்துக்கொண்டே மேஜைக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"ஆமாம்மா, லைன்லதான். இன்னிக்கு நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

"சொல்லலாம்னு இருந்தது வேற, சொன்னது வேறம்மா" என்றாள் அந்த அம்மாள். கோபமே இல்லாமல் சொன்னாள். மாப்பிள்ளை சித்தியைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு தன் முன்னால் இருந்த வெறும் மேஜையைப் பார்த்தார். ஊருக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் எழுந்து போனார்கள். ஆறு பேருக்கும் சொல்லியிருந்த ஐஸ்கிரீம் அதன் பிறகு வந்தது. பெரியவர்கள் யாரும் தொடவில்லை. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன், மாப்பிள்ளைக்கு வந்ததையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். சித்தி குறுக்கே கையை நீட்டினாள். அடி அவள் முழங்கையில் விழுந்தது.

"இன்னாத்துக்குக்கா அவள அடிக்கிற? பெரியவங்க நாம மூணு பேரும் பொய் சொன்னோம். அவ ஒருத்திதான் நெசத்த சொன்னா" என்றாள்.

அந்த வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே சொந்தக்காரர்களிடம், எங்க பொண்ணுக்குப் பொய்யே வராது என்று சொல்ல ஆரம்பித்தார். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பேசுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. ஓட்டலுக்குப் போய்வந்த அன்று சாயங்காலமும் சித்தி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போன் வரவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மறுநாள் காலை ஷிப்ட்.

நாலு வருடம் கழித்து சித்திக்குக் கல்யாணமானது. வல்லக்கோட்டையில் தண்ணி கேன் போடுகிறவர், தங்கமான மனிதர். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பல வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை சித்தி, உன்னைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்றேன்.

சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்டி. நான் அப்பதான் திரும்பி வந்துனு இருந்தேன். நீ மாப்பிள்ள வீட்டுக்காரங்கள பாத்தா சொன்ன? பக்கத்து மேஜைப் பொண்ணப் பாத்துத்தானே சொன்ன" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னாள்.

நான் சித்தியை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் இத்தனை வருடம் வளர்ந்திருக்கிறேன். அன்று குறுக்கே கையை நீட்டியபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தன்னைப் பார்த்துக் கூசிய குழந்தையை அடி விழாமலும் காப்பாற்றி, அது கூசியது யாருக்கும் தெரியாமல் இருக்க ஒரு நல்ல பெயரையும் அவளே வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.