செத்த மாட்டுக்கான உத்தரவு

போன வாரம் எங்கள் தெருவில் மாரியம்மன் மஞ்சள் நீராட்டு. ஒருத்தி குடத்தோடு மாமன் மகனைத் துரத்தி வர, நான் உள்ளே ஓடிக் கதவைத் தாழ்போட்டேன். கிழவனுக்குச் சளி பயம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

யுத்த காலம். ஜலகண்டாபுரத்தில் நான் சுகாதார அலுவலக குமாஸ்தா. எனக்குத் தெரியாத விதியே இல்லை என்ற திமிர் உண்டு. சாயப்பட்டறை ஒன்று மூடப்பட்டது. சாயம் பிடிக்கப் போடும் பைக்ரோமேட் என்ற செம்மஞ்சள் உப்பு பீப்பாய் பீப்பாயாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அதைக் கழிக்கப் படிவம் கிடையாது. படிவம் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடைப்பான் நோய் கண்டு செத்த மாட்டைப் புதைக்கும் படிவத்தை எடுத்து, 'மாடு' என்ற இடத்தில் 'பீப்பாய்' என்று எழுதினேன். ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, மூன்று வருஷம் திறக்கலாகாது. அதிகாரி "பலே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

குழி வெட்டிய மேட்டுக்குக் கீழே குடியானவர் செல்லப்பனின் கிணறு. சில மாதங்களில் அவர் வந்தார்.

"ஏனுங்க சாமி, கெணத்துத் தண்ணி மஞ்சளா வருதுங்க. அம்மனே எறங்கிட்டான்னு எங்கூட்டுக்காரி தலைக்கு ஊத்திக்கறா, குடிக்கறா. கையெல்லாம் புண்ணு. மழைக்கு முன்னால அந்தக் குழியத் தோண்டி எடுக்கச் சொல்லுங்க."

"மூணு வருசம் திறக்கக் கூடாதுங்க. உத்தரவு."

"அது செத்த மாட்டுக்குங்க. பீப்பா என்ன, எந்திரிச்சு மேயப் போகுதா?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். மனுவை மேலிடத்துக்கு அனுப்பினேன். மேலிடம் என் கருத்தைக் கேட்டது. உத்தரவு ஒழுங்காக இருக்கிறது என்று எழுதினேன்.

மழை கொட்டியது. மறுபடி வந்தபோது செல்லப்பன் மீசையை வழித்திருந்தார். மனைவி போய்ப் பதினேழு நாள். கையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சாமி. அம்மந் தண்ணிதான்னு நம்பிக்கிட்டு ஊட்டுக்குப் போயர்றேன்."

நான் குடிக்கவில்லை. அவர் செம்பை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. செல்லப்பன் இல்லை. கிணற்றைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். குழியின் வரைபடம் இருந்த கோப்பும் இல்லை. பழைய கோப்பை வைத்திருக்கும் கெடு முடிந்ததென்று அதை எரிக்கக் கையெழுத்திட்டவனும் நான்தான். நேற்று அந்தப் பக்கம் போனேன். ஒரு வீட்டில் புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே வேண்டாமுங்க" என்றேன்.

"பின்னே எங்க வெட்டலாம், சொல்லுங்க" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை.