கறுப்பா, கலரா?

1947இல் .455 வெப்ளி தோட்டாவைப் பிரித்தானிய இராணுவம் சேவையிலிருந்து விலக்கியது. சூசைப்பிள்ளை மட்டக்களப்பில் பிறந்ததும் அதே ஆண்டுதான். 1891 முதல் அதிகாரிகளின் ரிவால்வர்களில் இருந்த தோட்டா அது. முதலாம் உலகப் போருக்கும் போனது.

அந்தப் போரிலிருந்து திரும்பிய ஒருவரின் மகன் கோர்டன், பிரெஞ்சு வழங்கும் ஒரு கனடிய நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் சூசைப்பிள்ளையின் கீழ்வீட்டுக்காரர். மாலையில் இருவரும் சீட்டு விளையாடுவார்கள். மார்ச்சில் இறப்பதற்கு முன் கோர்டன், தகப்பன் போரிலிருந்து கொண்டுவந்த அப்படியொரு தோட்டாவை இவர் கையில் கொடுத்தார். அதன்பின் அந்தக் கட்டடத்தில் சூசைப்பிள்ளையோடு கதைக்க ஆளில்லை. ஞாயிறுகளில் மகள் ஷெரோன் நான்கு வயதுப் பேத்தி நோராவைக் கூட்டிவருவாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு நோரா கரண்டி இழுப்பறையிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டாள்.

"அது வெடிக்குமா அப்பா?" என்றாள் ஷெரோன்.

"நூறு வருசப் பழசு புள்ள. வெடிக்கணும் எண்டு அதுக்கே ஞாபகம் இருக்காது."

"பகிடி வேணாம். அது வீட்டுல இருக்குமட்டும் இவள் இங்க வரமாட்டாள்."

திங்கட்கிழமை அவர் நகரசபையின் தகவல் இலக்கத்துக்குப் போன் எடுத்தார். தோட்டாவுக்குப் பிரெஞ்சில் 'கார்த்தூஷ்' என்று கோர்டன் சொல்லியிருந்தார்.

"ஒரு பழைய கார்த்தூஷ் இருக்கு. எங்க குடுக்கிறது?"

"கறுப்பா, கலரா, மிஸ்யூ?" என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

"மஞ்சள்."

"வெறுமையாகிவிட்டதா?"

"இல்ல, நிறைஞ்சுதான் இருக்கு."

"அப்படியென்றால் வீணாக்காமல் பாவிக்கலாமே."

சூசைப்பிள்ளை விலாசம் மட்டும் கேட்டார். அவள் ஒரு கடையின் விலாசம் கொடுத்தாள். தோட்டாவைக் காலுறைக்குள் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனார். கடைவாசலில் இருந்த சேகரிப்புப் பெட்டியில் பிரிண்டர் படம் ஒட்டியிருந்தது. மைக்குப்பிக்கும் அதே சொல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. திரும்பி வந்தார்.

போனில் கேட்ட ஷெரோன் சிரித்து அடங்க நேரமெடுத்தது. அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலம். அவர் இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னார். பிறகு அவளே ஆங்கிலத்தில் பொலிசோடு கதைத்தாள். அடுத்த செவ்வாய்தான் வருவார்களாம், அதுவரை தொடக்கூடாதாம்.

"அப்ப இந்த ஞாயிறு வேணாம் அப்பா. அதுக்கடுத்த ரெண்டு ஞாயிறும் நாங்க டொரோண்டோ."

"ஓம் புள்ள. பரவால்ல."

செவ்வாய் காலை இரண்டு பொலிஸ்காரர் தோட்டாவை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். தேநீர் வேண்டுமா என்று சூசைப்பிள்ளை கேட்டார். வேண்டாம், மெர்சி என்று நன்றி சொன்னார்கள்.

நோரா அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வருகிறாள்.