எண்ணெய் குடித்த அடுப்பு

1964இல் பம்பாய் தாராவியில் இரும்பு டிரம்மை வெட்டி அடுப்பு செய்துகொண்டிருந்த நஜிமுதீனுக்கு வலது கை வெந்துபோனது. நர்ஸாக இருந்த நான் கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போவேன். விரல்கள் மடங்க மூன்று மாதமாவது ஆகும் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் மனைவி சுலைகா அழவில்லை. பட்டறையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

முதல் வேலை செம்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கரீம் பாட்சாவுடையது. மூடி போட்ட டிரம்முக்குள் கரி போட்டுப் புகையிலேயே கோழியை வாட்டும் அடுப்பு. வெளிப்புறம் துருவேறியிருந்தது. சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். சரியாக வந்தால் அவருடைய மற்ற அடுப்புகளும் வரும். வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

சுலைகா துருவைச் சுரண்டினாள். பிறகு, புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல இரும்பு முழுக்க நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சினாள். கடையநல்லூரில் அவள் வீட்டில் எந்த இரும்புக்கும் அதுதான் வழக்கம். அதன்மேல் பெயிண்ட் அடித்தாள். கரீம் பாட்சா வந்து நின்றபோது கரியைப் பற்றவைத்தாள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரிந்தது.

“என்ன தங்கச்சி, அடுப்புக்கு அம்மை போட்டிருக்கு?”

“ஒரு வாரம் பொறுங்கண்ணே, எறங்கிரும்.”

“வார வெள்ளிக்கு வருவேன். அப்பவும் இப்படின்னா வேற ஆளுதான், பாத்துக்க.”

அவர் போனதும் நஜிமுதீன் சிரித்தார். “ஏளா, அவரு அதுமேல தோசையா சுடப்போறாரு? எண்ணெய் மேல பெயிண்ட் எப்படிப் பிடிக்கும்?”

“தடவும்போது வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“நர்ஸம்மா குடுத்த மாத்திரையத் தின்னுட்டுத் தூங்கிட்டேம்லா.”

சலவைச் சோடா போட்டு வெந்நீர் காய்ச்சினாள். ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவும்வரை தேய்த்தாள். உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை உரசினாள். மெல்லிசாக ஒரு பூச்சு. ஒருநாள் காய்ந்த பிறகு இன்னொன்று. தீயிலும் அவசரப்படவில்லை. முதல்நாள் ஒரு பிடி கரி, ஆறவிட்டு மறுநாள் இரண்டு பிடி, பிறகு அரை டிரம்.

வெள்ளிக்கிழமை கரீம் பாட்சா தானே வாய்வரை கரியைக் கொட்டி விசிறினார். ஒரு மணி நேரம் எரிந்தது. ஆறிய பிறகு சாவியால் கீறிப் பார்த்தார். உரியவில்லை.

“மத்த ரெண்டையும் நாளைக்கு வண்டியில ஏத்திவிடுதேன்.”

“கோழிக் கொழுப்ப வழிச்சுட்டு அனுப்புங்கண்ணே. எனக்கு முதுகு ஒண்ணுதான் இருக்கு.”

நஜிமுதீனின் விரல்கள் மடங்கத் தொடங்கியபோது பட்டறையில் ஆறு அடுப்புகள் நின்றன. வெட்டுவதும் ஒட்டுவதும் மறுபடி அவர் கைக்குப் போயின. பிரஷ்ஷை மட்டும் சுலைகா கொடுக்கவில்லை.