வலாசி சித்தி கேட்ட கதவு

வலாசி சித்தி எதையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். பேருந்து ஓட்டுநர் இதோ கிளம்பிவிடும் என்று கூவினால், இன்ஜின் சத்தம் கேட்கும்வரை ஏற மாட்டாள். என் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். கல்யாணம் இரண்டே வருஷத்தில் கசந்துபோய் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். எங்கள் தீவின் தலைநகரான ஆப்பியாவில் கடலோர ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொருளை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினாள். வெளியே போகும் வழியைக் காட்டுகிற அந்தப் பச்சை விளக்குப் பலகையை.

ஓட்டல் பழக்கிய பழக்கம் அது. மாதம் ஒரு முறை அங்கே மணி அடிப்பார்கள். தீப்பிடித்தது போல ஒரு பாவனை. கையில் இருக்கும் விரிப்பையும் துண்டையும் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, பச்சைப் பலகை காட்டும் கதவு வழியாக வெளியே ஓட வேண்டும். மற்றவர்கள் அந்தச் சாக்கில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவார்கள். சித்தி மட்டும் உண்மையாகவே ஓடுவாள். வெளியே வந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பதும் அவள்தான்.

வீட்டில் இதை வைத்து அவளை ஓட்டுவோம். எங்கள் வீட்டுக்குச் சுவரே கிடையாது. தூண்களும் கூரையும்தான். "சித்தி, இங்க தீப்பிடிச்சா எந்தக் கதவு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ வாயை மூடுடி, பாதித் தீ அணைஞ்சிடும்" என்றாள்.

பெனியமினாவின் கடை சவலாலோ சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. அவர் எங்கள் கிராமத்துக்காரர், எங்கள் தேவாலயத்தில் மூப்பர். அவர் கடையில் கிடைக்காதது எதுவும் இல்லை, நடக்க இடத்தைத் தவிர. உப்பிட்ட மாட்டிறைச்சி வாளிகள் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும். அவற்றின்மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றின்மேல் நூடுல்ஸ் பெட்டிகள். மேலிருந்து துணிகள் தொங்கும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நகரத்திலேயே மலிவு அங்கேதான். அதனால் யாரும் குறை சொன்னதில்லை. அங்கே போகும்போது சாப்பிடாமல் போக வேண்டும், திரும்பும்போது வயிறு மாட்டிக்கொள்ளும் என்று கிண்டல் செய்துகொண்டே எல்லாரும் போனோம்.

வெள்ளை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எங்கள் நாட்டில் அது பிள்ளைகளின் ஞாயிறு. பிள்ளைகள் புது வெள்ளை உடுத்தி தேவாலயத்தில் வசனம் சொல்வார்கள். அன்று அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் பெரியவர்கள் சாப்பிடுவோம். எந்த ஏழை வீட்டிலும் அன்று பிள்ளைக்குப் பழைய சட்டை போட மாட்டார்கள். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை நகரத்துக் கடைகளுக்குள் தீவே வந்து நிற்கும். சித்தி வேலை முடிந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை வாங்க நேரே பெனியமினா கடைக்குப் போனாள்.

பின்னால் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைப் பையன் ஒருவன் கொக்கி மாட்டிய கம்பால் உயரத்தில் இருந்த ஒரு பெட்டியை இழுத்திருக்கிறான். பெட்டியோடு அந்த வரிசையே சரிந்தது. யாரோ பூகம்பம் என்று கத்தினார்கள். முன்வாசல் பக்கம் கல்லாவும் இரும்புக் கம்பி வேலியும் இருந்ததால் ஒருவர் ஒருவராகத்தான் போக முடியும். எல்லாரும் அங்கே முண்டியடித்தார்கள். சித்தி திரும்பிப் பார்த்தாள். கடையின் பின்கோடியில், தொங்கும் சட்டைகளுக்கு மேலே, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இந்தப் பக்கம் வாங்க, இங்க வழி இருக்கு" என்று கத்திக்கொண்டே அதை நோக்கி ஓடினாள். அவள் குரலை நம்பிச் சிலர் பின்னாலேயே ஓடினார்கள்.

அங்கே கதவு இல்லை. டின் மீன் பெட்டிகள்தான் இருந்தன, தரையிலிருந்து விளக்கு வரைக்கும். கதவு அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது.

பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தள்ளினார்கள். சித்தி விழுந்தாள். இறைச்சி வாளி ஒன்று அவள் முழங்கால்மேல் உருண்டது, அதன்மேல் ஆட்கள். சாவு எதுவும் நடக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நன்றி சொன்னார்கள்.

மருத்துவமனையில் முழங்காலுக்குள் ஆணி வைத்தார்கள். இனி முன்போல் மடங்காது என்றும், நாள் முழுக்க நிற்கிற வேலை ஆகாது என்றும் மருத்துவர் சொன்னார். சலவைக்கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடையாது. மருத்துவமனைக்கே, கடைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைச்சகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து சித்தியைப் பார்த்தார். அவள் வாக்குமூலம் கொடுத்தால் வழக்குப் போடலாம், கதவை விடுவித்து நடைபாதையை ஒதுக்கும்வரை கடையை மூடச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம் என்றார். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்குள் அது நடக்க வேண்டும் என்று சித்தி விரும்பினாள். உடம்பு தேறியதும் வந்து சொல்கிறேன் என்றாள்.

"அந்த ஆள் ஜெயிலுக்குப் போக வேணாம்டி எனக்கு" என்று என்னிடம் சொன்னாள். "கதவு திறக்கணும், அவ்வளவுதான். இங்க வழி இருக்குன்னு கூப்பிட்டுட்டுப் போனவ நான்."

அவளைத் தூங்கவிடாமல் செய்தது முழங்கால் வலி மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் விடியற்காலை. கண் விழித்தபோது வீட்டின் முன்னால் புல்தரையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெனியமினாவின் குடும்பம். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். நடுவே, துணிபோல மடியும் மெல்லிய பரம்பரைப் பாயால் தலையோடு மூடிக்கொண்டு ஓர் உருவம். அது பெனியமினா. இஃபோகா செய்ய வந்திருந்தார்கள். கொலையே செய்தவன்கூட இப்படி வந்து பாய்க்குள் உட்காருவான். பாதிக்கப்பட்ட குடும்பம் அவனை அடித்தாலும் அவன் கை ஓங்கக் கூடாது. பாயை விலக்கினால் மன்னித்தாயிற்று. விலக்கும்வரை வெயிலோ மழையோ அவன் அப்படியே இருக்க வேண்டும்.

விலக்க வேண்டியவர் என் மாமா சேயூலி. சித்திக்கு அண்ணன். எங்கள் குடும்பப் பட்டம் அவரிடம்தான் இருக்கிறது. குடும்பத்தின் சார்பாக அவர் சொன்னால் சொன்னதுதான். அதே சமயம், அண்ணன் தங்கையின் சொல்லைத் தட்டக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். மாமா அதில் கண்டிப்பானவர். சித்தி இருக்கும் இடத்தில் அவர் கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அவர் எழுந்தபோது சித்தி, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புல்தரையில் இறங்கினாள். வீட்டிலிருந்து யாரும் அப்படி இறங்குவது வழக்கம் இல்லை. பாயின் முன்னால் போய் நின்றாள்.

"பெனியமினா, நான் வலாசி. உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. பின்கதவுல இருக்கிற பெட்டியை எடுத்திடுவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

பாய்க்குள்ளிருந்து பதில் வரவில்லை. வரவும் கூடாது. பாய்க்குள் இருப்பவன் வாய் திறப்பது அவமரியாதை. சித்தி மறுபடியும் கேட்டாள். பாய் மூச்சுக்கு மெல்ல ஏறி இறங்கியது. அவ்வளவுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெனியமினாவின் மனைவி அழ ஆரம்பித்தாள். வேலிக்கு அப்பால் ஊர் கூடிவிட்டது. மண்ணில் உட்கார்ந்தவனை நின்றுகொண்டு கேள்வி கேட்கிறாளே என்று ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார்.

சேயூலி மாமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து பாயை விலக்கினார். பெனியமினாவைக் கைப்பிடித்துத் தூக்கி வீட்டுக்குள் அழைத்துப் போனார். இரண்டு பேரும் அழுதார்கள். பேச்சுகள் நடந்தன. அழகான பேச்சுகள். பெனியமினா மன்னிப்புக் கேட்டார், கடவுளைப் பற்றியும் இரண்டு குடும்பங்களின் பழைய உறவைப் பற்றியும் பேசினார். பேச அனுமதி கிடைத்த பிறகும் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கப்படி பாய்களும் பன்றிகளும் பரிசாகக் கைமாறின. எங்களுக்கு வந்த பாய்கள் பின்னால் வேறொரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போயின.

அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் பேசினார்கள். மாமா சத்தம் போடவில்லை. முடிந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்.

"மனுஷன் மண்ணுல உக்காந்துட்டான். அதுக்கு மேல என்ன கேக்க முடியும் வலாசி? பாயை எடுத்தாச்சு."

"பாயை எடுத்தீங்க அண்ணே. பெட்டியை யாரு எடுப்பா?"

மாமா கெட்டவர் இல்லை. மன்னிப்பதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்று உண்மையாகவே நம்புகிறவர். அந்தக் காலையில் ஊர் அவரைப் பெருமையாகப் பார்த்தது. தங்கை ஏன் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

சித்தி கேட்காமல் கொள்ளாமல் பேருந்து ஏறி அந்த அதிகாரியிடம் போனாள். நான் துணைக்குப் போனேன். அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். அவள் சொன்னதை எழுதினார். பிறகு, வழக்கப்படி, குடும்பத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினார். மாமா பொய் சொல்லத் தெரியாதவர். இஃபோகா ஏற்றாயிற்று, எங்கள் பக்கம் வழக்கு இல்லை என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். "நீதிபதி முதல்ல கேக்கிறதே அதைத்தான் அக்கா. குடும்பம் மன்னிச்சதை நான் எப்படிக் கேஸாக்குறது? வேணும்னா கடைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புறேன்."

"கடிதத்தை எங்க வைப்பார்? அங்கதான் இடமே இல்லையே" என்றாள் சித்தி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கடிதம் போயிற்று. அது பெட்டிகளை நகர்த்தவில்லை, பெனியமினாவின் மனத்தைத்தான் புண்படுத்தியது. மண்ணில் உட்கார்ந்த பிறகும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கிராம சபையில் முறையிட்டார். சமாதானத்தை முறித்ததற்காகச் சபை எங்கள் குடும்பத்துக்குத் தண்டம் விதித்தது. எங்கள் ஊரில் தண்டத்தைப் பொருளாகத்தான் கட்டுவார்கள். ஐம்பது பெட்டி டின் மீன், சனிக்கிழமைக்குள். மாமா அதைப் பற்றிச் சித்தியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவ்வளவு பெட்டி ஒரே இடத்தில், அந்த விலைக்கு, நகரத்தில் ஒரே கடையில்தான் கிடைக்கும். மாமா கடன் வாங்கிய பணத்தோடு அங்கேதான் போனார். ஏற்றுவதற்கு நான். சித்தி தானும் வருவேன் என்று பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்காகக் கட்டுற மீனு. நான் பாக்க வேணாமா?"

மீன் பெட்டிகள் பின்கோடியில்தான் இருந்தன. ஐம்பதையும் கூட்டத்தின் ஊடே முன்வாசலுக்குக் கொண்டுவர முடியாது. வண்டியைப் பின்சந்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். உள்ளே பையன்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினார்கள். பிறகு ஒருவன் தோளால் இடித்தான். துருப்பிடித்த கீல் கத்தியது. கதவு திறந்தது.

சந்தின் வெளிச்சம் கடைக்குள் விழுந்தது. கிறிஸ்துமஸ் சாமான் வாங்க வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே கதவு இருக்கிறதா என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். காற்று வந்ததும் ஒரு குழந்தை தாயின் கையை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே ஓடியது.

சித்தி வண்டியிலிருந்து இறங்கி வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. கதவின் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இது இப்படியே திறந்திருக்கட்டும்" என்றாள்.

கதவைத் திறந்த பையன் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்குள் துறைமுகத்திலிருந்து புது மீன் பெட்டிகளோடு லாரி வந்துவிட்டது. திறந்த கதவைப் பார்த்ததும் ஓட்டுநருக்குச் சந்தோஷம். நேரே பின்பக்கமாகவே இறக்கிவிடலாம். "அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா?" என்று பையன் பணிவாகக் கேட்டான். அவள் ஒதுங்கினாள். நாங்கள் எடுத்த இடத்தில் புதுப் பெட்டிகள் ஏறின. பழையதைவிட உயரமாக. கடைசி வரிசை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டதால் கதவு சாத்த வரவில்லை. பையன் தள்ளிப் பார்த்தான். முடியவில்லை.

சேயூலி மாமா பிறர் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாதவர். போய் அவனோடு சேர்ந்து தோள் கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. பையன் நன்றி ஐயா என்றான்.

மாமா திரும்பியபோது சித்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கைகளைச் சட்டையில் துடைத்தார். கதவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார்.

"வண்டியை எடுங்க அண்ணே" என்றாள் சித்தி. "சபை காத்திட்டிருக்கும்."

வண்டியில் அவள் உட்கார இடம் இல்லை. முழங்கால் மடங்காததால் முன்பக்கமும் ஏற முடியாது. நானும் மாமாவும் அவளைத் தூக்கி மீன் பெட்டிகளின்மேல் உட்கார வைத்தோம். வழி நெடுக, ஏதோ பெரிய விருந்துக்குப் போகிறோம் என்று நினைத்து, வீட்டு முற்றங்களிலிருந்து ஆட்கள் கை அசைத்தார்கள். சித்தி நீட்டிய காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.