சுஜா வீட்டில் தமிழுக்குத் தடை

போன வாரம் கேரள எல்லையோரம் அமரவிளையில் இருக்கும் என் தங்கை சுஜா வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்குப் பகீரென்றது.

சுஜா வாயாடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் சர்ச் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பவள். அவள் வீட்டில் டிவி மட்டும் பேசினால் எப்படி?

அவள் மகள் அபிஷாவுக்கு ஐந்து வயது. நன்றாகப் பேசுவாள், ‘க’ மட்டும் வராது. கதவு ‘ததவு’, கஞ்சி ‘தஞ்சி’. பள்ளியில் பிள்ளைகள் சிரித்தார்களாம். உடனே சொந்தக்காரர்கள் கூடிக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள் — வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், இரண்டும் சேர்ந்து பிள்ளையின் நாக்கைக் குழப்பிவிட்டது! அன்றிலிருந்து வீட்டில் மலையாளம் மட்டும். சுஜாவின் கணவர் பினுவின் உத்தரவு.

இந்த ஊரிலா? பாறசாலைப் பக்கம் சாயாவை மலையாளத்தில் கேட்பார்கள், சீனி குறைந்தால் தமிழில் திட்டுவார்கள். யாருடைய நாக்கு குழம்பியது?

“பிள்ளைக்க நல்லதுக்காக்கும் அக்கா,” என்றார் பினு. பயந்துபோயிருந்தார், பாவம்.

சுஜாவுக்கு மலையாளம் நன்றாகவே வரும்... ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும். மகளிடம் பேசும்போது மட்டும் நியூஸ் வாசிப்பது போல இருந்தது. இரண்டு வரியில் செய்திகள் முடிந்துவிடும். அபிஷாவும் வாயைத் திறக்காமல் கையை நீட்டியே எல்லாம் கேட்டாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப்போனோம். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் பார்த்தார். கேட்கிறது. பிறகு அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார்.

“ரெண்டு பாஷையால இது வராது. பயிற்சி குடுத்தா சரியாவும். ‘ஒழுங்கா சொல்லு’ன்னு நடுவுல நிறுத்தாண்டாம். அவ ததவுன்னு சொன்னா, ‘ஆமா, கதவு தெறந்து கிடக்கு’ன்னு நீங்க பேச்சோட பேச்சா சொல்லுங்க. அது போதும்,” என்றவர் சுஜாவைப் பார்த்தார். “மோளை எந்த பாஷையில கொஞ்சுவீங்க?”

“தமிழிலயாக்கும்...” சுஜா மகளைப் பார்த்தாள். “இப்போ கொஞ்சுறதே இல்ல மேடம்.”

பிள்ளை பேச வேண்டும் என்று தாயின் வாயைக் கட்டி வைத்திருக்கிறோம். பாசத்தில் செய்கிற தப்பை யாரும் தட்டிக் கேட்பதில்லை — அதுதான் கஷ்டம்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் பினு மகளை மடியில் வைத்துக்கொண்டார். “மக்கா, இனி அம்மைட்ட தமிழிலயே பேசு, கேட்டியா?”

சாயங்காலம் அபிஷா அடுக்களைக்கு ஓடினாள். “அம்மா, தஞ்சி வேணும்.”

“கஞ்சியா? கஞ்சிக்கு பயறு வேணுமா, தேங்கா சம்மந்தி வேணுமா எனக்க தங்கத்துக்கு? நேத்து ஸ்கூல்ல யாரு கூட இருந்த? அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?”

கஞ்சி ஆறியது. எனக்கும் பசி. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அபிஷாவுக்கு ‘க’ வரக் கொஞ்ச காலம் ஆகும். சுஜாவுக்குப் பேச்சு அன்றைக்கே வந்துவிட்டது.